பின்பாட்டுப் பாடவும் மனம் ஒப்பும் குழு எது?

கோவையைச் சேர்ந்த பத்தொன்பது வயது மாணவி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கத்தை முதலில் தருகிறேன். அவரையும் அவருடைய கல்லூரியையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன்.

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கும் இவர், முதலாண்டை முடித்து விடுமுறைக்கு ஊர் வந்திருக்கிறார். ஏழு வயது முதல் பதினோரு ஆண்டுகள் கர்நாடக இசை பயின்றவர். வாத்தியம் எதுவும் இல்லாமல் குரல்களை மட்டுமே கொண்டு பாடும் மாணவர் குழுக்களை, அதாவது அகபெல்லா குழுக்களை, அந்த வளாகத்தில் கண்டதும் ஆசைப்பட்டு, கடந்த செப்டம்பரில் நான்கு குழுக்களுக்குக் குரல் தேர்வு கொடுத்தார். மூன்று குழுக்கள் இரண்டாம் சுற்றுக்கு அழைத்தன. ஒன்று, போட்டிகளுக்குச் செல்லும், வளாகத்தில் பெரும்பெயர் பெற்ற ஆண் பெண் கலந்த குழு. இன்னொன்று, இந்தித் திரைப்பாடல்களையும் ஆங்கிலப் பாடல்களையும் பின்னிப் பாடும் தெற்காசிய மாணவர் குழு. மூன்றாவது, போட்டிக்கே போகாத, பன்னிரண்டு பேர் கொண்ட பெண்குரல் குழு. முதல் குழுவின் மூத்த மாணவர்கள் இரவு பதினொரு மணிக்கு விடுதி அறைக் கதவைத் தட்டி, பாடிக்கொண்டே அழைத்தபோது, அந்த மகிழ்ச்சியில் அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டார்.

வாரத்துக்கு மூன்று இரவு ஒத்திகை, சனிக்கிழமைகளில் கூடுதலாக ஒன்று. நவம்பரில் தொண்டை கட்டிக்கொண்டு ஐந்து வாரம் தெளியவில்லை. வேதியியல் இடைத்தேர்வில் மதிப்பெண் சரிந்தது. குழுவிலிருந்து விலகிவிட்டார். "பதினோரு வருஷம் கற்றுக்கொண்டு போய், ஆல்டோ என்னும் கீழ்க்குரல் வரிசையில் நின்று மூன்று மாதம் 'டும் டும்' என்று ஒத்து ஊதினேன். அதைக்கூட ஒழுங்காகச் செய்ய முடியவில்லை" என்று எழுதியிருக்கிறார். வரும் செப்டம்பரில் மறுபடியும் தேர்வு கொடுக்க விருப்பம். பெயர்பெற்ற குழுவின் பழைய மாணவர் தொடர்பு பின்னாளில் உதவும், ஆகவே அதற்கே திரும்பிப் போ என்கிறார் அம்மா. பாட்டே வேண்டாம், படிப்பைப் பார் என்கிறார் அப்பா. எந்தக் குழுவைத் தேர்ந்தெடுப்பது, ஒரு முறை விலகியவரை யார் சேர்ப்பார்கள் என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

வெளிநாட்டில் படிக்கும் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். உங்கள் கடிதத்தைப் போன்ற கடிதங்கள் பெரும்பாலும் படிப்பு, பணம், தனிமை இவற்றில் ஒன்றைப் பற்றியே வரும். பாட்டைப் பற்றி ஒருவர் இவ்வளவு கவலையோடு எழுதியதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியே மேலிட்டது. விலகியது குறித்து நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. முதல் பருவத்தில் ஏற்றுக்கொண்டதை அதே பருவத்தில் விடுவது அமெரிக்கக் கல்லூரிகளில் அன்றாடம் நடப்பது. வேறு குழுக்கள் அதைக் குற்றமாகப் பார்ப்பதில்லை. கேட்டால், குரலும் படிப்பும் தாங்கவில்லை என்ற உண்மையை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள், போதும்.

ஒத்து ஊதுவது பற்றி

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்திவைத்தது அந்த ஒரு சொல்தான். நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவர் மூச்சு அறுபடாமல் ஆதார சுருதியைப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் வித்வான் ராகத்தைத் தன் இஷ்டம்போல் விரிக்க முடிகிறது. பேச்சு வழக்கில் அந்தச் சொல்லை ஏளனத்துக்கு எடுத்துக்கொண்டோம். நீங்களும் அந்த ஏளனத்தோடுதான் உங்களைப் பார்த்திருக்கிறீர்கள்.

பதினைந்து பேர் கொண்ட ஓர் அகபெல்லா குழுவில் ஒரு பாட்டுக்கு ஒருவர் முன்னின்று பாடுகிறார், ஒருவர் வாயாலேயே தாளம் தருகிறார், மற்றப் பதின்மூன்று பேரும் பின்னணியில் நின்று கித்தாரும் பியானோவும் செய்ய வேண்டிய வேலையைத் தொண்டையால் செய்கிறார்கள். மேடையில் ஒரு மணி நேரம் நிகழ்ச்சி நடந்தால், மிகச் சிறந்த பாடகருக்கும் முன்வரிசைப் பாட்டு ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும். அதாவது, எந்தக் குழுவில் சேர்ந்தாலும் உங்கள் நேரத்தின் பெரும்பகுதி பின்பாட்டில்தான் கழியும். ஆகவே எந்தக் குழு சிறந்தது என்ற கேள்வியை விட்டுவிட்டு, எந்தக் குழுவில் மூன்று மாதம் 'டும் டும்' என்று மட்டும் பாடினாலும் செவ்வாய்க்கிழமை இரவு ஒத்திகைக்குக் கால் தானாக நடக்கும் என்று கேட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால், குழுவைத் தேர்வதற்கு இதைவிட நம்பகமான அளவுகோல் வேறில்லை.

ஆல்டோ வரிசையில் போட்டதை நீங்கள் தரக்குறைவாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஐந்தரைக் கட்டை சுருதியில் பாடுவதாக எழுதியிருக்கிறீர்கள். மந்தர ஸ்தாயி பஞ்சமத்திலிருந்து தார ஸ்தாயி பஞ்சமம் வரை, ஏறக்குறைய இரண்டு ஸ்தாயி, உங்களுக்குத் தாராளமாகப் பேசும். மேற்கத்திய சேர்ந்திசையில் சொப்ரானோ என்னும் உச்சக் குரலுக்கு, உங்கள் தார பஞ்சமத்துக்கும் மேலே இன்னும் அரை ஸ்தாயி வரை, அதுவும் மென்மையான தலைக்குரலில், நிற்க வேண்டிய தேவை வரும். கர்நாடக இசை பயின்ற பெண்கள் பெரும்பாலோர் அழுத்தமான மார்புக்குரலில் பாடிப் பழகியவர்கள். அவர்களுக்கு ஆல்டோ இயல்பான இடம். சிலருக்கு, வழக்கமாக ஆண்கள் பாடும் டெனர் என்னும் குரல்கூடப் பொருந்தும். யேல் பல்கலைக்கழகத்தில் 1909இல் தொடங்கிய, கல்லூரி அகபெல்லா குழுக்களில் மிகப் பழையதான விஃபென்பூஃப்ஸ், நூறாண்டுக்கு மேல் ஆண்களை மட்டுமே கொண்டிருந்தது. 2018இல் அதில் முதல் முறையாக ஒரு பெண் சேர்க்கப்பட்டார். குரல் எந்த வீச்சில் அமைகிறது என்பதே அளவுகோல் ஆனதால் அது நடந்தது. குரல்வகை என்பது ஏணிப்படி இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவைப்படாது.

"ஒழுங்காகச் செய்ய முடியவில்லை" என்று நீங்கள் எழுதியதற்கும் வேறு விளக்கம் உண்டு. இசை இயக்குநராக இருந்த மாணவர், சுரங்களை ஆட்டாமல் நேராக நிறுத்தும்படி திரும்பத் திரும்பச் சொன்னதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நம் இசையில் கமகம் என்னும் அந்தச் சுர அசைவுதான் ராகத்தின் உயிர். ஆனால் மூன்று நான்கு குரல்கள் வெவ்வேறு சுரங்களை ஒரே நேரத்தில் பிடித்து ஒரு கார்டை எழுப்பும்போது, இடையில் இருக்கும் சுரம் அசைந்தால் மொத்தக் கட்டடமும் ஆடும். பதினோரு ஆண்டுகளாக உங்கள் தொண்டை கற்ற அசைவைப் பத்து வாரத்தில் அடக்க முயன்றிருக்கிறீர்கள். இன்னொன்று, தம்புராவோ சுருதிப்பெட்டியோ பின்னால் ஒலித்துக்கொண்டிருந்தால் தரை நகராது. அகபெல்லாவில் தொடக்கத்தில் ஒரு சிறு ஊதுகுழலில் சுரம் கொடுப்பார்கள், பிறகு குழுவே தன் தரை. பாட்டின் நடுவில் எல்லாரும் சேர்ந்து சற்றுக் கீழே இறங்குவது சாதாரணமாக நடக்கும். அப்போது சுருதி சுத்தமாகத் தன்னிடத்தில் நிற்பவர்தான் பிசகாகக் கேட்பார். உங்களுக்கு நேர்ந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பக்கத்தில் நிற்பவரின் குரலுக்குள் தன் குரலைக் கரைத்துக்கொள்வதும் ஒரு வித்தைதான், அதைக் கற்க ஓராண்டாவது பொறுமை வேண்டும், கற்றுத்தரும் மனம் குழுவுக்கும் வேண்டும்.

மேற்கத்திய இசைக்குறிப்பைப் படிக்கத் தெரியாதது தடையாகுமோ என்ற அச்சத்தை விட்டுவிடுங்கள். பெரும்பாலான மாணவர் குழுக்களின் தேர்வில், பியானோவில் சில சுரங்களை வாசித்துத் திருப்பிப் பாடச் சொல்கிறார்கள், குரல் எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்க்கிறார்கள், ஒரு பாட்டில் கொஞ்சம் கேட்கிறார்கள். சரளி வரிசையும் அலங்காரமும் பாடி வளர்ந்த காதுக்கு அவற்றில் முதல் இரண்டும் எளிது. குறிப்பைப் படிக்கக் கற்றுக்கொள்ள விரும்பினால், ஆசிரியர் ஒருவர் நடத்தும் பல்கலைக்கழகச் சேர்ந்திசைக் குழுவில் ஒரு பருவம் பாடுவது நல்ல வழி. அங்கே குரலைப் பாதுகாக்கும் முறையையும் சொல்லித்தருவார்கள், மாணவர் நடத்தும் குழுக்களில் அது கிடைப்பது அரிது.

போட்டிக் குழுவும் அம்மாவின் யோசனையும்

போட்டிக்குப் போகும் குழுதான் இசையில் மேலானது என்று நீங்களும் உங்கள் அம்மாவும் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஐ.சி.சி.ஏ. என்ற கல்லூரி அகபெல்லா போட்டி 1996இல் தொடங்கப்பட்டது. காலிறுதி, அரையிறுதி, இறுதி என்று ஜனவரி முதல் ஏப்ரல் வரை அது நீள்கிறது. ஒரு குழுவுக்குக் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு நிமிடம். அதற்குள் பெரும்பாலும் மூன்று பாட்டு. பாட்டோடு மேடை அசைவுக்கும் மதிப்பெண் உண்டு. ஆகவே அந்தக் குழுக்கள் குளிர்காலம் முழுவதும் அதே மூன்று பாட்டையும் அதே அசைவுகளையும் மெருகேற்றிக்கொண்டிருக்கும். அந்தக் கூர்மையில் இன்பம் காண்பவர்கள் உண்டு, அவர்களுக்கு அதுவே சரியான இடம். நிறையப் பாட்டு பாட வேண்டும் என்ற ஆசையோடு போனவர் நீங்கள். உங்களுக்கு அங்கே வறட்சியாகத் தோன்றியதில் வியப்பில்லை.

பழைய மாணவர் தொடர்பு என்பது உண்மைதான். ஆனால் அது குழுவின் பெயரைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. நான்கு ஆண்டுகள் சேர்ந்து நின்று பாடி, வண்டியில் நெருக்கியடித்து ஊர் ஊராகப் போய், ஒருவருக்கொருவர் துணையாக இருந்தவர்கள்தாம் பின்னாளில் தொலைபேசியை எடுக்கிறார்கள். மூன்றே மாதத்தில் விலகிய இடத்துக்குத் தொடர்புக்காகவே திரும்பினால், அந்த நெருக்கம் உண்டாகும் என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மாவிடம் இதை இப்படியே சொல்லுங்கள்.

அப்பாவுக்கும் ஒரு பதில் இருக்கிறது. சென்ற ஆண்டு மதிப்பெண்ணைக் குறைத்தது பாட்டு அல்ல, வாரம் நான்கு ஒத்திகை. இரண்டு ஒத்திகை, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம் என்ற வரம்பை நீங்களே அவரிடம் முன்வைத்து, முதல் இடைத்தேர்வு முடிந்ததும் சேர்ந்து பார்க்கலாம் என்று சொன்னால், அவர் மறுப்பார் என்று நான் நினைக்கவில்லை.

விசா, பணம், புதியவர் சடங்கு

இது நீங்கள் கேட்காதது, ஆனால் சொல்லியாக வேண்டியது. ஒத்திகைக்கு நேரம் வேண்டும் என்பதற்காக வேதியியலைக் கைவிடலாமா என்று மூத்த மாணவர் ஒருவர் யோசனை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதைக் கேட்காமல் விட்டது உங்கள் நல்லூழ். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருக்கும் இளநிலை மாணவர் ஒரு பருவத்தில் முழுநேரப் படிப்பை, பொதுவாகப் பன்னிரண்டு கிரெடிட்டை, விடாமல் வைத்திருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்குவதற்கு முன், வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் அதற்கென நியமிக்கப்பட்ட அலுவலரின் அனுமதி கட்டாயம். அனுமதியின்றி இறங்கினால் விசா நிலையே முறிந்துபோகலாம். அமெரிக்கக் குடியுரிமை உள்ள அந்த மூத்த மாணவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்கமாட்டார். விஃபென்பூஃப்ஸ் போன்ற குழுவில் பலர் படிப்புக்கு ஓராண்டு விடுப்பெடுத்து உலகம் சுற்றிப் பாடியதுண்டு. நம்மைப் போன்ற விசாவில் இருப்பவர் அப்படி ஒரு விடுப்பை நினைக்கும்போதே அதே அலுவலகத்துக்குத்தான் முதலில் போக வேண்டும்.

பணத்திலும் கவனம் தேவை. திருமணம், நிறுவன விழா என்று குழுக்களை வெளியே அழைத்துக் கட்டணம் தருவதுண்டு. அது குழுவின் கணக்குக்குப் போய்ப் பயணத்துக்கும் உடைக்கும் செலவானால் பொதுவாகச் சிக்கல் எழாது. உறுப்பினர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தால், வளாகத்துக்கு வெளியே அனுமதியின்றிச் செய்த வேலையாக அது எண்ணப்படலாம். உங்கள் பங்கை வாங்கும் முன் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பருவச் சந்தா எவ்வளவு, பயணச் செலவுக்கு யார் பொறுப்பு, கையில் பணமில்லாதவருக்குச் சலுகை உண்டா என்பவற்றையும் சேரும் முன்பே கேட்கலாம். இதில் கூச்சம் வேண்டாம், அங்கே எல்லாரும் கேட்பார்கள்.

குழுவில் சேர்ந்த முதல் இரவு புதியவர்களைக் குடிக்கச் சொன்னதையும், நீங்கள் பழச்சாறு வாங்கிக்கொண்டபோது சிலர் சிரித்ததையும் ஒரே வரியில் கடந்துபோயிருக்கிறீர்கள். நீங்கள் செய்தது முற்றிலும் சரி. அங்கே மது அருந்தும் வயது இருபத்தொன்று. நம் தமிழ்நாட்டில் ராகிங்குக்கு எதிராக 1997இல் சட்டம் வந்தது போல, அங்கேயும் பல மாநிலங்களில் சட்டம் உண்டு. 2024 டிசம்பரில் நாடு முழுமைக்குமான சட்டம் ஒன்றும் கையெழுத்தாகி, புதியவர்களை இழிவுபடுத்தும் அல்லது ஆபத்துக்கு உள்ளாக்கும் சடங்குகளைக் கல்லூரிகள் கணக்கெடுத்து வெளியிட வேண்டும் என்று ஆகிவிட்டது. சிரிப்போடு நின்றது நல்லது. கட்டாயமாக மாறினால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள், மாணவர் நல அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

மிச்சமிருக்கும் இரண்டு குழுக்கள்

தெற்காசியக் குழுவில் சேர்ந்தால் 'நம்மவர்களோடு ஒதுங்கிவிட்டாய்' என்பார்கள், அதோடு அங்கே தமிழுக்கு இடமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் அச்சத்துக்கு அடிப்படை இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1996இல் தொடங்கிய பென் மசாலா என்ற குழு இந்தி, ஆங்கிலப் பாட்டுகளைக் கலந்து பாடியே 2009இல் வெள்ளை மாளிகைத் தீபாவளி விழாவில் அதிபர் ஒபாமா முன்னிலையில் பாடியது. இவ்வகைக் குழுக்கள் இன்று பல வளாகங்களில் இருக்கின்றன, இவற்றுக்கென்றே தனிப் போட்டிகளும் நடக்கின்றன. கமகத்தைப் பிழையாகக் கருதாத காதுகள் அங்கே இருக்கும் என்பது உங்களைப் பொறுத்தவரை பெரிய விஷயம். இரண்டாவது அச்சத்தில் நியாயம் உண்டு. பெரும்பான்மை இந்தியாகவே இருக்கும். ஆனால் இந்தக் குழுக்களில் பாட்டுகளைக் குரல்களுக்குப் பிரித்து எழுதுவது மாணவர்களேதான். ஒரு தமிழ்ப் பாட்டை நான் எழுதிக்கொண்டு வந்தால் பாடிப் பார்ப்பீர்களா என்று இசை இயக்குநரிடம் நேராகக் கேளுங்கள். அதற்கு அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதே உங்களுக்கு விடை. போட்டிக் காலத்தில் வாரத்துக்கு எத்தனை ஒத்திகை என்பதையும் கேட்க மறக்காதீர்கள்.

இனி மூன்றாவது குழு. முதல் குழுவைப் பற்றி எழுதும்போது அதன் பரிசுகளைச் சொன்னீர்கள். இரண்டாவதைப் பற்றி எழுதும்போது மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று சொன்னீர்கள். மூன்றாவதைப் பற்றி மட்டும், இரண்டாம் சுற்று முடிந்த பிறகும் யாரும் கலையாமல் கல்கட்டடத்தின் மாடிப்படியில் அரை மணி நேரம் நின்று பாடியதாகவும், அந்தப் படிக்கட்டில் எதிரொலி அழகாக இருந்ததாகவும், உங்கள் கீழ்க்குரலைக் கேட்டு ஒருவர் திரும்பிப் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். எட்டுப் பக்கக் கடிதத்தில் நீங்கள் பாடியதைப் பற்றிய மகிழ்ச்சியான வரிகள் இவை மட்டுமே. வாரத்துக்கு இரண்டே ஒத்திகை, அடித்தளத்துக்குக் கீழ்க்குரல் தேவைப்படும் பெண்குரல் குழு, போட்டி நெருக்கடி இல்லை. என் சாய்வு இந்தக் குழுவின் பக்கம்தான், அதை மறைக்கவில்லை.

அதில் குறைகளும் உண்டு. பன்னிரண்டு பேரில் நான்கு பேர் பட்டம் பெற்றுப் போனால் குரல்களின் சமநிலை ஒரே கோடையில் குலைந்துவிடும். போட்டி இல்லாத இடத்தில் ஒத்திகை தளர்ந்துபோய் அரட்டையாகவும் ஆகலாம். சிறிய குழுவில் பொறுப்புகளும் விரைவில் தலைமேல் வரும், மூன்றாம் ஆண்டிலேயே தலைவராகவோ கணக்குப் பார்ப்பவராகவோ ஆக நேரும். மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் ஆண்டில் அது பாரமாகலாம்.

ஆகஸ்டில் திரும்பியதும் இரண்டு குழுக்களின் திறந்த ஒத்திகைக்கும் போய் உட்காருங்கள். ஒரு பாட்டு தவறாகப் போகும் தருணத்தைக் கவனியுங்கள், யார் யாரைத் திருத்துகிறார்கள், எந்தக் குரலில் திருத்துகிறார்கள் என்று பாருங்கள். குரல் தேர்வு இரண்டுக்குமே கொடுக்கலாம், அது துரோகம் ஆகாது. சில வளாகங்களில் மாணவர்கள் தங்கள் விருப்ப வரிசையை முன்கூட்டியே எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கும். உங்கள் வளாகத்தின் விதியை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நள்ளிரவில் எத்தனை இனிமையாகப் பாடிக்கொண்டு யார் வந்து கதவைத் தட்டினாலும், மகிழ்ச்சியைச் சொல்லி, நாளைக் காலை பதில் தருகிறேன் என்று கேளுங்கள். ஒரு காலை நேரத்தைக்கூடத் தர மறுக்கும் குழு, தேர்வுக் காலத்தில் உங்களுக்கு ஒரு மாலையைத் தராது.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு, ஊரில் இருக்கும்போதே ஒரு காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள். குரல் கட்டு நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் குரல்நாண்களை நேரில் பார்த்துச் சோதிக்க வேண்டும். உங்களுக்கு ஐந்து வாரம் நீடித்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. இப்போது தெளிந்துவிட்டது என்பதால் விட்டுவிடாதீர்கள். சிறு முடிச்சுகள் இருந்தாலும் குரல் பயிற்சியிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும், அதற்கு ஆகஸ்ட் வரை உங்களுக்கு நேரமும் இருக்கிறது. மருத்துவர் எழுதித் தரும் அறிக்கையின் பிரதி ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒத்திகையில் இன்று பாட வேண்டாம் என்று ஓய்வு கேட்க நேரும் நாளில் அது பயன்படும்.